கொழுப்பு அளக்கும் மெஷின்: அது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்ச காலமாக நம்ம தோட்டங்களுக்கு ஒரு புதுத் துண்டு வந்துகொண்டிருக்கிறது. கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவில் வரும்போது கொண்டு வருகிற துண்டு அது. மருந்துக்கடையிலோ ஜிம்மிலோ ஒரு மெஷினில் ஏறி நின்றோ கையால் பிடித்தோ அளந்து பார்த்தது. “உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இவ்வளவு, தசை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு” என்று அதில் எழுதியிருக்கும். இப்போது அந்த மெஷினையே வாங்கி லயத்துக்குக் கொண்டு வருகிறவர்களும் உண்டு.

துண்டு வருவதில் தப்பில்லை. அதைப் பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் செய்கிற காரியம்தான் யோசிக்க வைக்கிறது. ஒல்லியாக இருக்கிற ஒரு தங்கச்சி “கொழுப்பு 32” என்று கண்டு இராச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார். தொப்பை வைத்த ஓர் அண்ணன் “கொழுப்பு 21, நல்லம்” என்று கண்டு பிரஷர் கிளினிக்குக்குப் போவதை விட்டுவிடுகிறார். இன்னும் சிலர் அளந்து சொன்ன இடத்திலேயே விற்கிற பவுடர் டின்னை வாங்க சீட்டுக் காசை உடைக்கிறார்கள். ஒரு நம்பரை நம்பி வயிற்றையும் கைக்காசையும் விடுவதற்கு முன்னால், அந்த நம்பர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வியும் இதுதான்: “வெள்ளவத்தையில் ஏறி நின்ற மெஷின் 31 என்றது. அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் கையில் பிடித்த மெஷின் 25 என்றது. இதில் எது சரி?”

மெஷின் உண்மையில் அளப்பது என்ன?

பலரும் நினைப்பது போல இந்த மெஷின் கொழுப்பை அளப்பதில்லை. அது அளப்பது ஒன்றே ஒன்றுதான்: நம்ம உடம்பு கரண்ட்டுக்குக் காட்டுகிற தடை. இங்கிலீஷில் இதை இம்பீடன்ஸ் என்கிறார்கள்.

உடம்புக்குள் மிகச் சின்ன ஒரு கரண்ட்டை விடுகிறார்கள். சாதாரணமாக ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒரு 60 வாட் பல்புக்குப் போகிற கரண்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு வருகிற கரண்ட் செக்கனுக்கு 50 தடவை மாறி மாறி ஓடுகிறது. இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் அது 50 ஆயிரம் தடவை. அதனால் ஷாக் அடிக்காது, உணரவும் மாட்டோம்.

தசையில் உப்புத் தண்ணீர் நிறைய உண்டு. அதன் வழியாகக் கரண்ட் சுலபமாக ஓடும். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு, அதில் கரண்ட் ஓடுவது கஷ்டம். ஆகவே தடை குறைவென்றால் உடம்பில் தண்ணீரும் தசையும் கூட, தடை கூடவென்றால் குறைவு. இந்த அடிப்படை சரியானதுதான். 1960களிலேயே பிரான்ஸ் நாட்டு டாக்டர் தொமாசே என்பவர் தோலில் ஊசி ஏற்றி இப்படி அளந்து பார்த்தார். பிறகு ஊசி போய் ஒட்டுகிற துண்டுகள் வந்தன. 1990களில் ஜப்பானின் டனிட்டா போன்ற கம்பனிகள் ஏறி நிற்கிற மெஷின்களைக் கடைக்குக் கொண்டுவந்தன.

தடை எப்படிக் கொழுப்பாக மாறுகிறது?

கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு காட்டுவது மொத்த நிறை. அதில் சாக்குக்கு இவ்வளவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் நம்ம பேருக்குக் கிலோ விழுகிறது. தராசில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஈரத்துக்குக் கழிப்பது கணக்குப் பார்க்கிறவருடைய மதிப்பு. அது கூடலாம், குறையலாம். சண்டை வருவதும் அங்கேதான்.

இந்த மெஷினிலும் அதே கதைதான். தடையை அது ஓரளவு சரியாகவே அளக்கும். பிறகு நீங்கள் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்ற விபரம், நிறை எல்லாவற்றையும் சேர்த்து, உள்ளே எழுதி வைத்திருக்கிற ஒரு சூத்திரத்தில் போடும். முதலில் தண்ணீரைக் கணக்குப் பார்க்கும். கொழுப்பில்லாத உடம்பில் நூற்றுக்கு சுமார் 73 பங்கு தண்ணீர் என்று வைத்து, கொழுப்பில்லாத நிறையைக் காணும். அதை மொத்த நிறையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு. ஆக, துண்டில் நீங்கள் காண்கிற கொழுப்பு கழித்து வந்த மிச்சம். நேரே அளந்து வந்ததல்ல.

உயரத்தைப் பிழையாகச் சொன்னாலே கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். சூத்திரங்களின் அடிப்படை, உயரத்தை உயரத்தால் பெருக்கித் தடையால் வகுப்பது. 155 சென்டிமீட்டர் உயரமும் 600 ஓம் தடையும் உள்ளவருக்கு விடை 40. அதே ஆள் “150 இருக்கும்” என்று குத்துமதிப்பாகச் சொன்னால் விடை 37½. உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தசையும் தண்ணீரும் குறைந்துபோய்விட்டதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் கொழுப்பின் பேரில் விழும்.

நாலு வகை மெஷின்கள்

கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருப்பவை பெரும்பாலும் நாலு வகை. கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

1. கையில் பிடிப்பது. கரண்ட் ஒரு கையால் ஏறி நெஞ்சு வழியாக மற்றக் கையால் இறங்கும். இடுப்புக்குக் கீழே இருப்பதை அது தொடவே இல்லை. கீழ்ப்பாதியைச் சூத்திரம்தான் ஊகிக்கிறது.

2. ஏறி நிற்பது. கரண்ட் ஒரு காலால் ஏறி அடிவயிற்றோடு மற்றக் காலால் இறங்கும். கையும் நெஞ்சும் கணக்கில் இல்லை.

3. படுக்க வைத்து, ஒரு பக்கத்துக் கையிலும் காலிலும் துண்டு ஒட்டி அளப்பது. கையிலிருந்து கால்வரை முழு உடம்பு வழியாகக் கரண்ட் போகும். ஆராய்ச்சிகள் அதிகம் நடந்தது இந்த வகையை வைத்துத்தான்.

4. ஏறி நின்று இரண்டு கைப்பிடியையும் பிடிப்பது. கைக்கும் காலுக்குமாக எட்டு உலோகத் தொடுமுனைகள் உண்டு. கை, கால், உடல் என்று தனித்தனியே அளக்கும். பல வேகங்களில் கரண்ட் விடும். விலை மிகக் கூட.

பொதுவாகச் சொன்னால், மூன்றாவதும் நாலாவதும் முதல் இரண்டைவிட உண்மைக்குக் கிட்ட வருகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு சூத்திரம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நாலாவது வகை ஒரு முழுத் தாள் நிறைய நம்பர் அடித்துக் கொடுக்கும். நம்பர் கூடினால் உண்மையும் கூடும் என்று இல்லை. நல்ல மெஷினில்கூட ஒரு தனி ஆளுக்கு மூன்று, நாலு புள்ளிகள் கூடியோ குறைந்தோ வருவது வழமை. 30 என்று துண்டு சொன்னால் உண்மை 26 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். சின்ன மெஷின்களில் இடைவெளி இன்னும் அகலம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 31 என்றதும் 25 என்றதும் இரண்டு வெவ்வேறு வழியில் போய், இரண்டு வெவ்வேறு சூத்திரத்தில் விழுந்த கணக்குகள். இரண்டு மெஷினும் பழுதில்லாமல் இருந்தாலும் ஒன்றாகக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு கிழமையில் ஆறு புள்ளி கொழுப்பு கரைந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் கூடாது.

வயிற்றைத்தான் சரியாகப் பார்ப்பதில்லை

பீலித் தண்ணீரை வைத்து இதைச் சொல்லலாம். ஒடுங்கிய குழாயில் தண்ணீர் திணறும், அகலமான குழாயில் தாராளமாக ஓடும். கரண்ட்டும் அப்படித்தான். கையும் காலும் ஒடுங்கிய குழாய்கள். நடு உடம்பு அகலமான குழாய். உடம்பின் நிறையில் பாதிக்குக் கிட்ட நடு உடம்பில்தான் இருக்கிறது. ஆனால் முழு உடம்பின் தடையில் அதன் பங்கு பத்தில் ஒன்று மட்டுமே. மற்றதெல்லாம் கையிலும் காலிலும் இருந்து வருவது.

அப்படியென்றால், சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிற வயிற்றுக் கொழுப்பைத்தான் இந்த மெஷின் ஆகக் குறைவாகக் காண்கிறது. தொப்பை வைத்த அண்ணனுக்குக் கிடைத்த “நல்லம்” என்ற துண்டை இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

சூத்திரம் யாரை வைத்து எழுதியது?

சட்டை தைக்கிறவர் வேறொருவருடைய அளவில் தைத்து நமக்குத் தந்தால் எப்படி இருக்கும்? சூத்திரமும் அதுபோலத்தான். எந்த மக்களை அளந்து எழுதினார்களோ அந்த மக்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். 1994 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் இந்த முறையைப் பற்றி ஆராய நிபுணர்களைக் கூட்டியபோதும் இந்த விஷயம் முக்கியமாகப் பேசப்பட்டது.

நம்ம நாட்டிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் குழந்தை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் புஜித விக்கிரமசிங்கவும் பேராசிரியர் லமாபதுசூரியவும் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, 5 முதல் 15 வயது வரையான இலங்கைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சூத்திரம் உருவாக்கி 2008இல் வெளியிட்டார்கள். மெஷின் சொல்வது சரியா என்று பார்க்க அவர்கள் வைத்த உரைகல் கனநீர் என்கிற ஒருவகைத் தண்ணீர். அதைக் கொஞ்சம் அளந்து குடிக்கக் கொடுப்பார்கள். அது உடம்பிலுள்ள தண்ணீரோடு கலந்த பிறகு எவ்வளவு ஐதாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு பிடி உப்பை வாளியில் கரைத்தால் கரிப்பு கூடவா குறைவா என்பதை வைத்து வாளியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லலாம் அல்லவா? அதே வேலைதான். நம்ம பிள்ளைகளுக்குத் தனிச் சூத்திரம் தேவைப்பட்டது என்பதே, கடையில் வாங்குகிற மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்குப் பெரிய சாட்சி.

நம்ம உடம்புவாகு வேறு என்பதை விளங்க இன்னொரு உதாரணம். புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையுமே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ., ஒரேயளவு: 22.3. ஆனால் எக்ஸ்ரே முறையில் அளந்த கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. ஆள் மெல்லிசாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு கூடவும் தசை குறைவாகவும் இருப்பது தெற்காசிய உடம்பில் சாதாரணம். வெள்ளைக்காரரை அளந்து எழுதிய சூத்திரம் இங்கே வழுக்கி விழுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரே மெஷின் ஏன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது?

கணக்கெல்லாம் தண்ணீரை வைத்துத்தான் என்பதால், தண்ணீர் ஆடினால் நம்பரும் ஆடும்.

50 கிலோ உள்ள ஒருவருடைய உடம்பில் 25 லீட்டர் தண்ணீர் என்று வைப்போம். கணக்குப்படி கொழுப்பு நூற்றுக்கு 31½. வயிற்றோட்டத்தில் ஒரு லீட்டர் தண்ணீர் போய்விட்டால் நிறை 49, தண்ணீர் 24. கணக்கு இப்போது 33க்குக் கிட்டக் காட்டும். கொழுப்பு ஒரு கிராம்கூட ஏறவில்லை. தண்ணீர் போனதைத்தான் மெஷின் கொழுப்பு என்று எழுதுகிறது.

மறுபக்கமும் உண்டு. அளக்கப் போகிற நேரத்தில் வயிறு நிறையத் தேத்தண்ணி குடித்திருந்தால் தராசு அந்த நிறையைக் காட்டும். வயிற்றில் கிடக்கிற தண்ணீரைக் கரண்ட் சரியாகக் காணாது. கூடிய நிறையின் பெரும்பகுதி கொழுப்பின் பேரில் போய்விடும்.

குளிரும் ஒரு காரணம். தோல் குளிர்ந்திருந்தால் தடை கூடும், சூடாக இருந்தால் குறையும். வெள்ளவத்தை வெயிலில் நடந்து வந்து அளந்ததையும் நுவரெலியாக் குளிரில் விடியக்காலை அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியில்லை.

நம்ம தாய்மாருக்கு இன்னொரு விஷயம். மலையில் ஏறி இறங்கிப் பாதம் தடித்து வெடித்திருந்தால், ஏறி நிற்கிற மெஷினில் கரண்ட் சரியாகப் பிடிக்காது. நம்பர் அதனாலும் மாறும்.

ஆகப் பயமான பிழை இதுதான். இருதய வருத்தத்திலோ சிறுநீரக வருத்தத்திலோ கால் வீங்கினால் உடம்பில் தண்ணீர் கட்டியிருக்கும். தண்ணீர் கூடியதால் தடை குறையும். மெஷின் “தசை கூடியிருக்கிறது, கொழுப்பு குறைந்திருக்கிறது” என்று நல்ல செய்தி சொல்லும். வருத்தம் முற்றுகிற நேரத்தில் வருகிற நல்ல செய்தி அது. டயலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரிகளில் டாக்டர்மார் இதே கரண்ட் முறையை, மிஞ்சிய தண்ணீரைக் கண்டுபிடிப்பதற்குப் பயன்படுத்துவதுண்டு. மெஷின் கெட்டதல்ல. அதைக் கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும்.

ஒரேமாதிரிக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு

“மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவையும் 31 என்றுதான் காட்டியது. அப்படியென்றால் சரிதானே?” என்று கேட்கிறார்கள். ஒரு தராசு எப்போதும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். நூறு தடவை நிறுத்தாலும் அதே பிழையைத்தான் ஒழுங்காகக் காட்டும். கொழுந்து கொடுக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தராசிலும் ஒரு பிரயோசனம் உண்டு. நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று அது சொல்லும். கொழுப்பு மெஷினையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நம்பரை விடுங்கள், பல மாதங்களில் அது போகிற பக்கத்தைப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

மெஷினில் அளக்கத்தான் வேண்டுமென்றால்:

1. எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள். இரண்டு மெஷினின் துண்டுகளை ஒப்பிட வேண்டாம்.

2. காலையில், மூத்திரம் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால் பாருங்கள். வேலை முடிந்து வியர்த்த உடம்போடு வேண்டாம்.

3. உயரத்தைச் சுவரில் நின்று சரியாக அளந்து கொடுங்கள். மேஸ், செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

4. நாள்தோறும் பார்க்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஒன்று, இரண்டு புள்ளி மாறினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

5. இருதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மெஷினைத் தொடவே கூடாது. கர்ப்பிணித் தாய்மாருக்கு அது காட்டுகிற நம்பர் பொருந்தாது. மிட்வைஃப் அம்மா கார்டில் எழுதுகிற நிறைதான் அவர்களுக்குக் கணக்கு.

6. அளந்து சொல்கிறவரே மருந்தோ பவுடரோ விற்கிறார் என்றால், துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதை டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

மெஷினே வேண்டாம் என்றால், ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்பு தொடங்குகிற இடத்துக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டு, வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். நுனி இரண்டும் எட்டினால் நல்லது. எட்டாவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது. டேப் இருந்தால், தெற்காசியர்களுக்குச் சொல்லப்படுகிற எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். நூலும் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்று சொல்லாது. ஆனால் மெஷின் சரியாகக் காணாத அந்த வயிற்றை அது நேரே காண்கிறது.

பி.எம்.ஐ. பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை, 27.5இலிருந்து ஆபத்து கூட என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். 18.5க்குக் கீழே என்றால் உடம்பு மெலிவு. அப்படிப்பட்டவர் மெஷினில் என்ன நம்பர் வந்தாலும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை என்று தசைக்கு வேண்டியதைக் கூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரஷரும் இரத்தத்தில் சீனியும். இதை அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளிலும் நடக்கிற சுகவாழ்வு நிலையங்களில் காசில்லாமல் பார்க்கலாம். 35 வயது தாண்டியவர்கள் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்கிப் போக வேண்டும். அரை நாள் பேர் போகிறதே என்று நினைக்க வேண்டாம். கால் வீக்கம், மூச்சு வாங்கல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல் இருந்தால் எந்த மெஷினையும் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

கொழும்பிலிருந்து துண்டு கொண்டு வருகிற பிள்ளைகளைக் கோபிக்க வேண்டாம். வீட்டாருடைய உடம்பைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இருப்பது நல்ல விஷயம். அடுத்த லீவில் வரும்போது அப்பாவையும் அம்மாவையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மெஷினுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பக்கட் பருப்பு வாங்கி வந்தால் அதுவும் நல்லம்.